மாடத்தில் எழுந்து நின்றவர்

ஃபாரம் அக்காவுக்குச் சட்டசபையில் பாராட்டு என்ற செய்தி வந்தபோது, அவள் ஒரு முன்னாள் சிப்பாயைப் பிடித்துத் திட்டிக்கொண்டிருந்தாள். முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தின் தாழ்வாரத்தில், குடிதண்ணீர் இயந்திரத்துக்கும் கழிப்பறைக் கதவுக்கும் நடுவே கிடந்த மேசைதான் அவளுடைய இடம். அதை யாரும் கொடுக்கவில்லை. யாரும் பிடுங்கவும் இல்லை.

"நாளைக்கு மெடிக்கல் போர்டு. நீங்க என்னடான்னா புது மாப்பிள்ளை மாதிரி ஷேவ் பண்ணி, ஷூவுக்குப் பாலிஷ் போட்டுட்டு வந்து நிக்கறீங்க. எப்படி இருக்கீங்கன்னு டாக்டர் கேட்டா என்ன சொல்வீங்க? சொல்லுங்க பாப்போம்."

சிப்பாய் நெஞ்சை நிமிர்த்தினார். "நல்லா இருக்கேன் சார். ஒரு குறையும் இல்ல சார்."

அக்கா பேனாவைக் கீழே வைத்தாள். "உங்களுக்கு ஒரு பக்க நுரையீரல்ல பாதி இல்ல. இந்தத் தாழ்வாரத்தைக் கடக்கறதுக்குள்ள ரெண்டு தடவை சுவத்தைப் பிடிச்சீங்க. ஒரு குறையும் இல்லையா?"

"வாயில அதுதாங்கா வருது. அப்படியே சொல்லிப் பழகிட்டோம்."

இது அவர் ஒருத்தருடைய வியாதி இல்லை. படையில் கைகாலைக் கொடுத்துவிட்டுத் திரும்பிய அத்தனை பேருக்கும் பொதுவான வியாதி. மேசைக்கு அந்தப் பக்கம் ஓர் அதிகாரி உட்கார்ந்திருந்தால் போதும், வலி கிலி எல்லாம் மறந்து விறைத்து நிற்பார்கள். போர்டு டாக்டர் 'உடல்நிலை திருப்தி' என்று எழுதி, ஊனத் தொகையை வெட்டிவிட்டு அடுத்தவரைக் கூப்பிடுவார். வெளியே வந்த பிறகுதான் இவர்களுக்கு இருமல் வரும். கோர்ட்டில் டைப்பிஸ்டாக இருந்த அக்காவுக்குப் படிவம் நிரப்புவதெல்லாம் தண்ணீர் பட்ட பாடு; ஃபாரம் அக்கா என்ற பெயரே அதில் வந்ததுதான். இந்த ஆட்களுக்கு நோயாளியாக உட்காரக் கற்றுக்கொடுப்பதுதான் பெரும்பாடு. "செய்ய முடிஞ்சாலும் செஞ்சு காட்டாதீங்க. உங்க நல்ல நாளை அவங்ககிட்ட காட்டாதீங்க, மோசமான நாளைச் சொல்லுங்க" என்று பத்து வருஷமாக ஒரே பாட்டைப் பாடிக்கொண்டிருந்தாள். பாடுகிறவளுக்கே அலுத்துப்போயிருந்தது.

அப்போதுதான் சட்டசபை உறுப்பினரின் உதவியாளர் வந்தார். கையில் இரண்டு போன், முகத்தில் ஒரு சிரிப்பு. ஊனமுற்ற படைவீரர்களுக்காக உறுப்பினர் அம்மா ஒரு மசோதா கொண்டுவருகிறாராம். நிரந்தரமாக ஊனமானவர்களை இரண்டு வருஷத்துக்கு ஒரு முறை போர்டுக்கு இழுத்தடிக்கக் கூடாது என்பதுதான் மசோதா. அதைத் தாக்கல் செய்கிற அன்றைக்குச் சமூக சேவைக்காக ஃபாரம் அக்காவைச் சபையில் வைத்துக் கௌரவிக்க ஆசைப்படுகிறார்.

"மசோதா நிறைவேறட்டும், அப்புறம் வர்றேன்னு சொல்லுங்க," என்றாள் அக்கா.

உதவியாளர் தலையைச் சொறிந்தார். "பாராட்டு இருந்தாத்தாங்க பத்திரிகைக்காரங்க வருவாங்க. பத்திரிகை வந்தாத்தான் மசோதா நகரும்."

அதிலும் நியாயம் இருந்தது. அக்கா சரி என்றாள்.

வீட்டில் தம்பிக்குத் தலைகால் புரியவில்லை. படையில் லாரி ஓட்டியவன் அவன். பதினாறு வருஷத்துக்கு முன்னால் கண்ணிவெடியில் லாரி புரண்டு முதுகுத்தண்டு போயிற்று. இடுப்புக்குக் கீழே உணர்ச்சி விட்டு விட்டு வரும். அக்காவைத் தவிர அவனுக்கு யாரும் இல்லை, அக்காவுக்கும் அப்படித்தான். அவனுக்காக ஓடிய ஓட்டத்தில்தான் அவள் படிவங்களைக் கற்றுக்கொண்டாள். முதல் பதினோரு வருஷம் படுக்கையிலிருந்து நாற்காலிக்கும், நாற்காலியிலிருந்து கழிப்பறைக்கும் அவளேதான் தூக்கினாள். தூக்கித் தூக்கி இடுப்பு எலும்பு விலகி, இப்போது பட்டை கட்டாமல் எழுந்து நிற்க முடியாது. ஒரு வாளித் தண்ணீர்கூடத் தூக்கக் கூடாது என்பது டாக்டர் உத்தரவு. நல்லவேளையாக ஐந்து வருஷத்துக்கு முன்னால் போர்டு அவனை 'முழுநேரத் துணை தேவைப்படுபவர்' என்று எழுதிக்கொடுத்தது. துறையிலிருந்து காலையும் மாலையும் ஓர் ஆள் வருகிறான். இரண்டு ஆள் கனம். பயில்வான் என்று பெயர் வைத்தவன் தம்பிதான். பயில்வான் வருகிற வரைக்கும் இந்த வீடு வீடாக இருக்கும். வராவிட்டால் தம்பி ஆறு மணி நேரப் பயணத் தூரத்தில் இருக்கிற அரசு இல்லத்துக்குப் போக வேண்டியதுதான். அந்த இல்லத்தை அக்கா பார்த்திருக்கிறாள். இரண்டாவது தடவை பார்க்க விரும்பவில்லை.

"நானும் சபைக்கு வருவேன்," என்றான் தம்பி. "எங்கக்காவைப் பாராட்டும்போது நான் வீட்டுல உக்காந்து டி.வி. பாக்கணுமா?"

சபை நாளன்று பயில்வான் அவனைக் குளிப்பாட்டி, வெள்ளைச் சட்டை போட்டு, வேனில் ஏற்றினான். சபைக் கட்டடத்தில் லிஃப்ட் வேலை செய்தது. அதுவே பெரிய ஆச்சரியம். பார்வையாளர் மாடத்தில் முன்வரிசையில், இரும்புக் கம்பியை ஒட்டிச் சக்கர நாற்காலிக்கு இடம் விட்டிருந்தார்கள். அக்காவைக் கீழே, எழுத்தர்கள் மேசைக்குப் பக்கத்தில் ஒரு நாற்காலி போட்டு உட்காரவைத்தார்கள்.

உறுப்பினர் நன்றாகவே பேசினார், குறை சொல்ல முடியாது. தாழ்வாரத்துக்கு நேரில் வந்து ஒரு மணி நேரம் ஸ்டூலில் உட்கார்ந்து பார்த்துவிட்டுப் போனவர் அவர். "போன கால் திரும்ப முளைத்திருக்கிறதா என்று இரண்டு வருஷத்துக்கு ஒரு தரம் கூப்பிட்டுப் பார்க்கிறோம். நமக்கு வெட்கமாக இல்லையா?" என்று கேட்டார். இரண்டு பக்கத்திலும் மேசையைத் தட்டினார்கள். பிறகு அக்காவின் மேசையையும், அவள் உதவிய முந்நூற்றுச் சொச்சம் பேரையும் பற்றிச் சொன்னார். சபாநாயகர், அவையினர் எழுந்து நின்று மரியாதை செலுத்துவார்கள் என்றார். சபை மொத்தமும் எழுந்தது. நாற்காலிகள் நகரும் சத்தமும் கைதட்டலும் சேர்ந்து கேட்டன.

இத்தனை பேர் தனக்காக எழுந்து நிற்க, எங்கே பார்ப்பது என்று தெரியாமல் அக்கா மேலே பார்த்தாள்.

தம்பி எழுந்துகொண்டிருந்தான். இடது கையால் கம்பியைப் பற்றி, ஒரு தரம் முயன்று சரிந்து, மறுபடி இழுத்து எழுந்தான். முழங்கால்கள் பூட்டிக்கொண்டன. வலது கை நெற்றிக்குப் போயிற்று. பின்னால் பயில்வான் கைகளை விரித்துக்கொண்டு மூச்சுவிடாமல் நின்றான். யாரோ ஓர் உறுப்பினர் அண்ணாந்து பார்த்தார். அவரைப் பார்த்துப் பக்கத்தில் இருந்தவர் பார்த்தார். கைதட்டல் இரண்டு மடங்கானது. காமிராக்கள் எல்லாம் மேலே திரும்பின.

சபையில் பாதிப் பேர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். அக்காவுக்கோ போர்டுதான் ஞாபகம் வந்தது. அதிகாரிகள் முன்னால் எதையும் முழுசாகச் செய்து காட்டாதே என்று ஊருக்கெல்லாம் பாடம் எடுத்தவள், தன் வீட்டில் எடுக்க மறந்துவிட்டாள். கையைத் தாழ்த்தி, உக்காரு உக்காரு என்று ஜாடை காட்டினாள். அவன் அதைப் பார்த்தான். பார்த்தும் நின்றான். ஒரு நிமிஷம்கூட இருக்காது. கால் மடங்கி நாற்காலியில் விழுந்தான். பயில்வான் தாங்கிக்கொண்டான்.

மறுநாள் எல்லாப் பத்திரிகையிலும் அக்காவைவிடத் தம்பிதான் பெரிதாக இருந்தான். அந்தப் படத்தை அவன் பார்க்கவில்லை. வலது கால் தானாக விறைத்து, உதறி, மறுபடி விறைத்துக்கொண்டிருந்தது. இழுப்பு என்று அவர்கள் சொல்வது இதைத்தான். தொடர்ந்து நான்கு நாள் அவன் பல்லைக் கடித்துக்கொண்டு படுக்கையில் கிடந்தான்.

மூன்று வாரம் கழித்து அலுவலகக் கண்காணிப்பாளர் தாழ்வாரத்துக்கு வந்து, தண்ணீர் குடிக்கிற மாதிரி கொஞ்ச நேரம் நின்றார். பிறகு ஓர் உறையை அவள் மேசையில் வைத்தார்.

"மேலேருந்து வந்திருக்கு அக்கா. யாரோ படத்தை வெட்டி அனுப்பிட்டாங்க. நான் ஒண்ணும் பண்ண முடியாது."

பிரிக்காமலே அவளுக்குத் தெரிந்தது. அந்த உறையின் நிறத்தை வைத்தே உள்ளே என்ன என்று சொல்லக் கூடியவள் அவள். மறு பரிசோதனை. எழுந்து நின்றது குறித்து விளக்கம் தர வேண்டும். வியாழக்கிழமை போர்டு.

உதவியாளருக்குப் போன் போட்டாள். உறுப்பினரே லைனில் வந்தார். உண்மையாகவே பதறிப்போனார்.

"என்னக்கா இது அநியாயம்! இதை ஒழிக்கத்தானே நான் மசோதா கொண்டு வந்திருக்கேன். குழுவுக்குப் போயிருக்கு. அடுத்த கூட்டத்தொடர்ல கண்டிப்பா வந்துடும்."

"போர்டு வியாழக்கிழமை மேடம்."

"நான் ஒரு லெட்டர் தர்றேன். ஆனா டாக்டர்ங்க முடிவுல நாங்க தலையிட முடியாது, உங்களுக்கே தெரியும்."

அக்காவுக்குத் தெரியும். கோபம்கூட வரவில்லை. கோபப்படவும் கொஞ்சம் தெம்பு வேண்டும். நன்றி சொல்லி வைத்துவிட்டாள்.

சிக்கல் எங்கே என்றும் அவளுக்குத் தெரியும். போர்டின் படிவத்தில் பதினான்காவது கேள்வி: சொந்த முயற்சியால் எழுந்து நிற்க முடிகிறதா? ஆம், இல்லை என்று இரண்டே கட்டம். அரை நிமிஷம் நின்றான், அதற்கு நான்கு நாள் படுத்தான் என்று எழுத அங்கே இடம் கிடையாது. 'ஆம்' என்று ஒரு கோடு விழுந்து துணையாளை இழந்த இரண்டு பேர் அவள் பழக்கத்திலேயே இருந்தார்கள். அதில் ஒருத்தர் இப்போது இல்லத்தில்.

புதன்கிழமை சாயங்காலம், பயில்வான் தம்பியைச் சாப்பாட்டு மேசைக்குப் பக்கத்தில் உட்காரவைத்துவிட்டுப் போனதும், அக்கா எதிரே உட்கார்ந்தாள். மற்றவர்களை எப்படிக் கேட்பாளோ அப்படியே கேட்டாள்.

"படத்தைக் காட்டி நின்னீங்களான்னு கேப்பாங்க. என்ன சொல்வே?"

"நின்னேன்னு சொல்வேன்."

"தம்பி."

"நின்னேன்க்கா. பொய்யா?"

"நிக்கலைன்னு சொல்லு. கால் தானா விறைச்சுதுன்னு சொல்லு. முந்நூறு பேருக்குச் சொல்லிக் குடுத்திருக்கேன், உனக்குச் சொல்லிக் குடுக்க எனக்கு வாய் வலிக்குதுடா."

தம்பி மேசை விரிப்பின் மடிப்பை நகத்தால் நீவிக்கொண்டிருந்தான். "பதினாறு வருஷமா எனக்குன்னு நான் ஒண்ணும் செஞ்சதில்ல. எல்லாம் நீ செஞ்சே, அப்புறம் அவன் செய்யறான். அன்னிக்கு ஒரு சபையே உனக்காக எழுந்துச்சு. நான் மட்டும் உக்காந்திருக்கவா? நானா எழுந்தேன். அது ஒண்ணுதான் நானா செஞ்சது." அவன் நிமிர்ந்து பார்த்தான். "அப்பவும் நீ உக்காருன்னுதானே ஜாடை காட்டினே."

அந்த ஜாடையை அவன் பார்க்கவில்லை என்று அக்கா இத்தனை நாள் தன்னைத்தானே ஏமாற்றிக்கொண்டிருந்தாள். வெட்கமாக இருந்தது. எழுந்துபோய்ப் பாத்திரத்தைக் கழுவினாள். கழுவியதையே மறுபடி கழுவினாள்.

வியாழக்கிழமை போர்டு அறையில் மூன்று டாக்டர்கள். நடுவில் இருந்த தலைமை டாக்டர் ஒரு பெண், அக்கா வயதுதான் இருக்கும். முன்னால் நாற்பது கோப்புகள். முகத்தில் ஒரு வாரத் தூக்கம் பாக்கி இருந்தது. உறவினர் ஒருத்தர் உள்ளே இருக்கலாம், ஆனால் வாயைத் திறக்கக் கூடாது. அக்கா சுவரோரம் உட்கார்ந்தாள். பயில்வான் கதவருகே நின்றான்.

டாக்டர் பத்திரிகைத் துண்டை எடுத்து வைத்தார். "இது நீங்கதானே?"

"நான்தான் டாக்டர்."

"நிக்கறீங்களே."

"நின்னேன்."

அக்கா கண்ணை மூடிக்கொண்டாள்.

"எவ்வளவு நேரம்?"

"கைதட்டி முடிக்கிற வரைக்கும் நிக்கணும்னு பாத்தேன். முடியல. பாதியில விழுந்துட்டேன். அப்புறம் நாலு நாள் படுக்கை."

டாக்டர் எழுந்து வந்து அவன் கால்களைத் தட்டினார், மடக்கினார், ஊசி முனையால் குத்திப் பார்த்தார். வலது கால் விறைத்து உதறியது. மற்ற இரண்டு டாக்டர்களோடு தணிந்த குரலில் ஏதோ பேசினார். பிறகு கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார்.

"உங்க நிலைமை எங்களுக்குப் புரியுது. ஆனா நான் ஆம், இல்லைன்னு ரெண்டுல ஒண்ணுதான் போட முடியும். ஆம்னு போட்டா உங்க துணையாள் நாளைலேருந்து வர மாட்டார். இல்லைன்னு போட்டா, இந்தப் படத்துக்கு நான் ஒரு காரணம் எழுதணும்." படத்தைத் தள்ளிவைத்தார். "இழுப்பு வந்து கால் விறைச்சா, சில சமயம் உடம்பைத் தூக்கி நிறுத்திடும். மருத்துவத்துல அது உண்டு. அன்னிக்கு அதுதான் நடந்துச்சுன்னு நீங்க சொன்னா எழுதறேன். நீங்கதான் சொல்லணும்."

நல்ல மனுஷி. வழியைத் திறந்துவிட்டுவிட்டு ஒதுங்கி நின்றார். போகிறவன்தான் போக வேண்டும்.

தம்பி அக்காவைத் திரும்பிப் பார்த்தான். முகத்தை இல்லை. அவள் இடுப்பில் புடைத்துக்கொண்டிருந்த பட்டையை. வெகுநேரம் பார்த்தான்.

"எழுதுங்க டாக்டர்," என்றான். "இழுப்புதான்."

டாக்டர் எழுதினார். அவன் கையெழுத்துப் போட்டான். அத்தோடு முடிந்துவிட்டதென்று எழுந்த அக்காவை டாக்டர் உட்காரச் சொன்னார்.

"நேரில் கண்டவர் ஒருத்தர் கையெழுத்து வேணும்."

கதவருகே இருந்த பயில்வான் அவசரமாக முன்னால் வந்தான். "நான் பக்கத்துலயே இருந்தேன் டாக்டர்."

"உங்க வேலையே இதுல அடங்கியிருக்கு. நீங்க போட்டா செல்லாது." டாக்டர் படிவத்தை அக்கா பக்கம் நகர்த்தினார். "உறவுக்காரங்க போடலாம். நீங்க அன்னிக்கு அங்க இருந்தீங்கல்ல? நீங்கதானே பாராட்டு வாங்கினது?"

இங்கே போடுங்க, இந்தக் கோட்டுக்கு மேல போடுங்க என்று எத்தனையோ பேருக்கு விரல் வைத்துக் காட்டிய இடம் அது. அச்சடித்த வரிகள் அவளுக்கு மனப்பாடம், அதனால் ஒருநாளும் நின்று படித்ததில்லை. இன்றைக்கு, டாக்டர் எழுதி நிரப்பிய இடத்தோடு சேர்த்துப் படித்தாள். மேற்கண்ட நபர் தம் விருப்பத்தின் பேரில் எழுந்து நிற்கவில்லை என்பதை நான் நேரில் கண்டேன்.

பேனா நகரவில்லை. அந்தச் சபை எழுந்தது சபாநாயகர் சொன்னதால். அவர் உட்காருங்கள் என்றதும் உட்கார்ந்துவிட்டார்கள். யாரும் சொல்லாமல் அவளுக்காக எழுந்தவன் ஒருத்தன்தான், அதுவும் எழ முடியாதவன். அதை இல்லை என்று அவள் கையாலேயே எழுத வேண்டும்.

"போடுக்கா," என்றான் தம்பி.

"நீ நின்னேடா." டாக்டர்களுக்குக் கேட்கும் என்ற நினைப்பே அவளுக்கு இல்லை. "எனக்காக நின்னே. நான்தான் உன்னை உக்காரச் சொன்னேன்."

மூன்று டாக்டர்களும் அவரவர் கோப்பைப் புரட்டினார்கள்.

"நான் நின்னது உனக்குத் தெரியும்ல?"

"தெரியும்டா."

"அப்ப போடு."

அக்கா கையெழுத்துப் போட்டாள். அன்றைக்குச் சபையில் வராத அழுகை, படிவத்தை டாக்டரிடம் நீட்டும்போது வந்தது.